சிம்லா ஆபீசும் கொய்னாவின் ஆறு நொடியும்

புனேயில் சிவாஜி நகர் பக்கம் வந்திருக்கிறீர்களா? அங்கே ஒரு பஸ் ஸ்டாப்புக்கு 'சிம்லா ஆபீஸ்' என்று பெயர். வந்த புதிதில் ஏதோ ஆப்பிள் மண்டி என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, வானிலைத் துறையின் தலைமையகம் 1928ல் சிம்லாவிலிருந்து இங்கே வந்தது, ஊர்க்காரர்கள் பழைய பெயரை விடவில்லை என்று. தலைமையகம் பிற்பாடு டெல்லிக்குப் போய்விட்டது. பழைய மழை, வெயில் கணக்குகளைக் காக்கும் தேசியத் தரவு மையம் இன்னும் இங்கேதான்.

இந்தக் கதை எதற்கு என்றால், என் பிழைப்பும் கிராப் போடுவதுதான். ஒரு தொழிற்சாலைக்கு, ஓடும் எந்திரத்தின் சூட்டைத் திரையில் நேரலையாகக் காட்டும் நிரல் எழுதியிருந்தேன். வலது பக்கம் புதுப் புள்ளி வரும், இடது பக்கம் பழசு விழும். பத்து நிமிடம் மட்டும் நினைவில். நினைவகம் மிச்சம் என்று பெருமை வேறு. ஒருநாள் ராத்திரி மூன்று மணிக்கு அபாய மணி அடித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் உள்ளே நுழைவதற்குள் கோடு சமநிலைக்கு வந்துவிட்டது. "எப்ப ஏற ஆரம்பிச்சது?" என்று கேட்டார்கள். விழுந்த புள்ளியை எங்கே போய்த் தேட?

அன்று காலை வீட்டுக்கார ஆஜோபாவிடம் புலம்பினேன் (கீழ் வீட்டு மராட்டித் தாத்தா, எங்கள் குழந்தைகளுக்கும் அவர் ஆஜோபாதான்). அவர் சொன்னது 1967. டிசம்பர் 11, விடிகாலை நாலரை மணிக்குச் சற்று முன். பாத்திரங்கள் உருண்டு எழுந்தாராம். 1961 ஜூலை 12ல் பான்ஷெட் அணை உடைந்து புனேயே மூழ்கிய ஞாபகம் ஆறு வருடம் கழிந்தும் ஆறவில்லை. எல்லோருக்கும் ஒரே பயம்: இன்னொரு அணையா?

நடுங்கியது கொய்னா. இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 120 கி.மீ. தெற்கே. அளவு 6.3. கொய்னாநகர் குடியிருப்பு தரைமட்டமானது, இறந்தவர் ஏறக்குறைய 200 பேர். 103 மீட்டர் உயர அணையில் விரிசல் விழுந்தது, ஆனால் நின்றது.

கடக்வாஸ்லாவில் உள்ள, 1916ல் தொடங்கிய மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தார் அதற்கு முன்பே கொய்னா ஏரியைச் சுற்றி நிலநடுக்கமானிகள் வைத்திருந்தார்கள். 1962ல் தண்ணீர் தேங்க ஆரம்பித்ததிலிருந்து சின்னச் சின்ன நடுக்கம் வந்துகொண்டே இருந்ததுதான் காரணம். அந்தக் கால உருளைக் கருவியைப் பார்த்திருக்கிறீர்களா? உருளையில் தாள் சுற்றியிருக்கும். உருளை சுழலச் சுழல மெல்ல ஒரு பக்கமாக நகரும். அதனால் அடுத்த சுற்றின் கோடு முந்தைய கோட்டின் மேல் விழாது, பக்கத்தில் விழும். இப்போது ஓடும் முள்ளையும் காலையில் ஓடிய கோட்டையும் ஒரே தாளில் பார்க்கலாம். நான் கம்ப்யூட்டரில் தொலைத்ததை ஒரு திருகாணி சுலபமாகச் செய்திருக்கிறது!

ஆனால் அணைக்குள்ளேயே இருந்த இன்னொரு கருவி வேறு ஜாதி. பலத்த ஆட்டத்தை அளக்கும் முடுக்கமானி. ஒளிப்படத் தாளை நாள் பூராவும் ஓட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் தூங்கிக்கொண்டிருக்கும். ஆட்டம் வந்தால் ஒரு சின்ன ஊசல் அசைந்து தட்டி எழுப்பும். அன்று எழுந்தது, பதிந்தது. புவியீர்ப்பில் 0.63 பங்கு வரை முடுக்கம். பலத்த ஆட்டம் அடங்கிய அந்த ஆறேழு நொடிக் கோட்டை வைத்து இன்றுவரை உலகம் முழுக்க அணைப் பொறியாளர்கள் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் தட்டி எழுப்புவதற்கு முந்தைய கணம்? அது எந்தத் தாளிலும் இல்லை. என் மூன்று மணிக் கதையேதான். பிற்பாடு வந்த டிஜிட்டல் கருவிகள் இதைத் தீர்த்தன: கடைசிச் சில நொடிகளை எப்போதும் வட்ட நினைவில் சுழற்றிக்கொண்டே இருக்கும், ஆட்டம் வந்தால் அந்த முன்நொடிகளையும் சேர்த்து எழுதிவிடும்.

இன்னொரு இழப்பு பெரிது. ஏரித் தண்ணீர்தான் நடுக்கத்தைத் தூண்டியதா என்று அறிஞர்கள் வெகுகாலம் வாதாடினார்கள். இன்று கொய்னா அதற்கான முதன்மை உதாரணம். அணை கட்டுவதற்கு முன் அந்தப் பகுதியில் கருவி இருந்திருந்தால் பாதி வாதம் தேவைப்பட்டிருக்காது. முன்னே எழுதாத கோட்டைப் பின்னால் யார் வரைவது?

சரி, என் நிரலுக்கு வருகிறேன். திரையில் பத்து நிமிடம், வட்டில் முழுசும் என்று பிரித்துவிட்டேன். இடது பக்கம் இழுத்தால் ஓட்டம் நிற்கும், விட்டால் மறுபடி நேரலை. பழசைச் சுருக்கும்போது முதலில் சராசரி எடுத்தேன், பெரிய தப்பு. ஒரு நொடி எகிறிய சூடு சராசரியில் காணாமல் போகிறது. இப்போது ஒவ்வொரு துண்டிலும் மிகக் குறைந்ததையும் மிக அதிகத்தையும் வைக்கிறேன். கொய்னாவில் சராசரி எடுத்திருந்தால் அந்த 0.63 எங்கே போயிருக்கும்!

ஆஜோபாவிடம் லேப்டாப்பில் காட்டினேன். விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "பான்ஷெட் வரை போகுமா?" என்றார்.