ஊரடங்கு: ஒரு சொல்லின் கதை



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாலையூற்றில் ஒரு பாட்டி, "ஊரடங்கின பிறகு வெளிக்கிடாதே ராசா" என்று பேரனிடம் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு முற்றியதைச் சொல்கிறாரா, சட்டத்தைச் சொல்கிறாரா? இந்த ஐயம் எழுவதற்குள்ளேயே ஒரு வரலாறு இருக்கிறது.

ஆங்கிலத்தில் 'கர்ஃபியூ' என்பது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். 'நெருப்பை மூடு' என்பதே அதன் பொருள். மரவீடுகளும் வைக்கோற் கூரைகளும் நெருங்கிய ஐரோப்பிய நகரங்களில் மாலையில் ஒரு மணி ஒலிக்கும். அடுப்புத் தணலை மூடிவிட்டு மக்கள் உறங்கப் போவார்கள். 1066இல் இங்கிலாந்தை வென்ற முதலாம் வில்லியம் இவ்வழக்கத்தை அங்கே கட்டாயமாக்கினான் என்பது மரபுவழிச் செய்தி. 1285இல் லண்டன் நகருக்கு வகுத்த சட்டம், அந்த மணிக்குப் பின் மதுச்சாலைகள் திறந்திருக்கக் கூடாது என்றது. ஆக, அது கடையடைக்கும் நேரத்தின் மணியுமாயிற்று. தோமஸ் கிரே 1751இல் வெளியிட்ட இரங்கற்பாவின் முதலடியில் ஒலிப்பதும் இதே மணிதான். அங்கே அச்சமில்லை, உழவன் வீடு திரும்புகிறான்.

நம் வழக்கிலும் ஊர் தானாகவே அடங்கியது. கடைப்பலகை சாத்தப்படும், விளக்குகள் அணையும், நாய்க்குரல் மட்டும் கேட்கும். எவரும் கட்டளையிட்டதில்லை.

பின்னர் 1947இன் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1953 ஹர்த்தாலிலும், 1958, 1983 வன்செயல்களிலும் 'ஊரடங்குச் சட்டம்' என்ற அறிவித்தலை மக்கள் வானொலி வழியே கேட்டார்கள். சிங்களத்தில் அதற்குப் பெயர் 'இருட்டுச் சட்டம்'. ஆங்கிலம் நெருப்பைச் சொல்ல, சிங்களம் இருளைச் சொல்ல, தமிழ் ஊரைச் சொன்னது. ஆனால் 2020 மார்ச்சில், கொள்ளை நோயின்போது, நண்பகலிலும் ஊரடங்கு நிலவியது. இருளுக்கும் அதற்கும் இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று.

இலக்கணம் ஒன்றை நினைவுபடுத்துகிறது. 'அடங்கு' தன்வினை, 'அடக்கு' பிறவினை. சட்டம் செய்தது பிறவினை, சூடிக்கொண்டதோ தன்வினையின் பெயர். ஊர் தானே அடங்கியதுபோல அச்சொல் நம்மை நம்பவைத்தது.

நேயர்களே, தணலை மூடியது அதை அணைப்பதற்கல்ல. விடியலில் ஊதி மீண்டும் அடுப்பு மூட்டுவதற்கு. பாட்டியின் சொல்லுக்கு அந்தப் பழைய இரவு திரும்பக் கிடைக்கட்டும்.