தாயக்கட்டை

தாயக்கட்டை என்பது தாயம், பரமபதம் போன்ற ஆட்டங்களில் உருட்டப்படும் நான்கு பக்க நீள்பகடை. இரண்டு கட்டைகள் சேர்ந்தது ஓர் இணை. பெரும்பாலும் பித்தளையால் ஆனது. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் பொறித்திருக்கும். இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்துத் தரையில் உருட்டிவிட, மேலே தெரியும் புள்ளிகளின் கூட்டே விழுந்த எண்.

தொன்மை

சிந்துவெளி நகரங்களில் ஆறு முகக் கனசதுரப் பகடைகளும் தந்தத்தாலான நீள்பகடைகளும் கிடைத்துள்ளன. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வரும் சூதாடியின் புலம்பலில் உருளுவது தான்றிக்காய். தமிழகத்தில் கீழடி அகழாய்வு சுடுமண் பகடைகளையும் ஆட்டக்காய்களையும் தந்தது; 2022இல் நடந்த எட்டாம் கட்டப் பணியில் செவ்வக வடிவத் தந்தப் பகடை ஒன்று வெளிப்பட்டது. பகடை பொழுதுபோக்காக இருந்த அளவுக்குப் பழிக்கும் ஆளானது. திருக்குறள் ‘சூது’ என்றே ஓர் அதிகாரம் ஒதுக்குகிறது. 1912இல் முதற்பாகம் வெளிவந்த பாரதியின் ‘பாஞ்சாலி சபதம்’ சூதாட்டத்துக்குத் தனிச் சருக்கமே வைத்தது.

ஆட்டமுறை

தாயக் கட்டத்தைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியாலோ கோலமாவாலோ வரைந்துகொள்வார்கள். காய்களின் எண்ணிக்கையும் சில விதிகளும் ஊருக்கு ஊர் மாறும், அடிப்படை ஒன்றே. தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். இரு கட்டையும் வெறும்பக்கம் காட்டினால் பன்னிரண்டு. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தவருக்கு மறு உருட்டல் உண்டு. எதிராளியின் காய் நிற்கும் கட்டத்தில் போய் விழுந்தால் அது ‘வெட்டு’. வெட்டுப்பட்ட காய் வெளியேறி மீண்டும் தாயத்துக்குக் காத்திருக்கும். பெருக்கல் குறியிட்ட ‘மலை’யில் நிற்கும் காயை வெட்ட முடியாது. ஒரு வெட்டாவது வெட்டாதவர் உள்கட்டத்துக்குள் நுழையக் கூடாது. நடுக்கட்டத்தை அடைந்த காய் ‘பழம்’.

இரண்டு கட்டைகளும் சேர்ந்து விழும் வகைகள் 16. அவற்றில் தாயம் தருபவை இரண்டு. அதாவது எட்டு உருட்டலுக்கு ஒன்று என்பது சராசரி. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போக ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ‘எனக்கு மட்டும் தாயமே விழமாட்டேங்குது’ என்ற முனகல் வீட்டுக்கு வீடு கேட்பதன் காரணம் இதுதான். ஆனால் எண் விழுந்த பிறகு ஆட்டம் ஆடுபவரின் கைக்கு வருகிறது. ஆறும் அடுத்து மூன்றும் விழுந்தால் ஒரே காயை ஒன்பது கட்டம் ஓட்டலாம். ஆறில் ஒரு காயை மலையேற்றிவிட்டு மூன்றில் இன்னொன்றால் வெட்டலாம்.

கிராப்ஸுடன் ஒப்பீடு

சூதாட்ட விடுதிகளின் கிராப்ஸ் ஆட்டத்திலும் உருளுவது இரண்டு பகடைதான், ஆனால் ஆறு முகப் பகடை. ‘ஹாசர்ட்’ என்ற பழைய ஐரோப்பிய ஆட்டத்திலிருந்து பிறந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பரவியது. அடிப்படைப் பந்தயமான ‘பாஸ் லைன்’ விதி எளிது: முதல் உருட்டலில் 7 அல்லது 11 விழுந்தால் வெற்றி, 2, 3, 12 விழுந்தால் தோல்வி. வேறு எண் விழுந்தால் அதுவே ‘பாயிண்ட்’. 7 வருவதற்கு முன் அந்த எண் மீண்டும் விழ வேண்டும். இதில் 100 ரூபாய்க்கு விடுதி சராசரியாக 1.41 ரூபாய் எடுத்துக்கொள்கிறது. அடுத்த உருட்டலிலேயே 7 விழும் என்று கட்டும் பந்தயத்திலோ இழப்பு 16.67 ரூபாய். 36 வகைகளில் ஆறு 7 தருவதால் நியாயமான பரிசு ஒன்றுக்கு ஐந்து. விடுதி தருவது நான்கு. கிராப்ஸில் ஆடுபவரின் தேர்வு பகடை உருளுமுன் பணத்தை எங்கே வைப்பது என்பதோடு முடிகிறது. தாயத்தில் தேர்வு உருண்ட பின்பே தொடங்குகிறது.

சட்டம்

தமிழ்நாட்டில் சூதாட்ட விடுதிக்கு அனுமதியில்லை. அதைக் காண விரும்புபவர் கோவாவுக்கோ சிக்கிமுக்கோ போக வேண்டும். சென்னை நகருக்கு 1888ஆம் ஆண்டு காவல் சட்டமும், மாநிலத்தின் பிற பகுதிகளுக்கு 1930ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டமும் விதி வகுத்தன. திறமை ஆட்டங்களுக்கு இரண்டுமே விலக்கு அளித்தன. அந்த விலக்கின் எல்லையை உரசிப்பார்த்தது கிண்டி குதிரைப் பந்தய வழக்கு. 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயத்தைத் திறமை ஆட்டம் என்றது; அதே தீர்ப்பு பகடை உருட்டலை அதிர்ஷ்டத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னது. மாநிலத்தின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் செல்லும் என 2023இல் தீர்ப்பளித்த சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் மட்டும் திறமை ஆட்டங்கள் என்று தடையிலிருந்து விடுவித்தது.

சென்னையில் இன்று

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிப்பவர்கள் பரமபதப் படத்தை விரித்துக் கட்டை உருட்டுவது மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் நெடுநாள் வழக்கம். 2002இல் வினிதா சித்தார்த்தா சென்னையில் தொடங்கிய ‘கிரீடா’ நிறுவனம் மரபு ஆட்டங்களைப் புதிதாகத் தயாரித்து விற்கிறது. ஜனவரியில் நடக்கும் மயிலாப்பூர் திருவிழாவில் தாயக்கட்டம், பல்லாங்குழிப் போட்டிகள் நடந்துவருகின்றன. பந்தயப் பணம் இல்லாமலே இவ்வளவு காலம் ஓடிய ஆட்டத்தில் பணயம் என்று ஒன்று உண்டென்றால், அது பழமாக ஒரே கட்டம் இருக்கையில் வெட்டுப்படும் காய்தான்.