விருந்தினர் அறையும் விளக்கும்



விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். புதிதாகப் புனையப்படும் செய்யுளையும் தொல்காப்பியர் அப்பெயராலேயே சுட்டுகின்றார். முன்பின் அறியாத புதியவராய் நம் வாயிலில் வந்து நிற்பவரே முதற்கண் விருந்தினர் எனப்பட்டனர்; உற்றாரையும் நண்பரையும் அப்பெயரால் அழைத்தது பின்னர் விரிந்த வழக்கு. குறுந்தொகையில் நன்னாகையார் பாடிய பாட்டொன்று, இரவில் வாயிற்கதவை அடைக்க முற்படுவோர், உள்ளே வரவேண்டியவர் இன்னும் எவரேனும் உளரோ என்று வினவிய வழக்கத்தைக் காட்டுகின்றது. அவ்வினா கொழும்பு மாநகரிலே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழரின் இல்லங்களில் எவ்வாறு உயிர்வாழ்ந்து வந்தது என்பதை, விருந்தினர்க்கு ஒதுக்கிய அறையையும் அதில் ஏற்றிய விளக்கையும் கொண்டு இன்று சிந்திப்போம்.

யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகளின் வாயிலில் சங்கடப்படலை என ஓர் அமைப்பு இருந்தது. படலையின்மேல் கிடுகினாலோ ஓட்டினாலோ வேய்ந்த சிறு கூரை. அதன் கீழே இருக்கத் திண்ணை. பக்கத்தில் தண்ணீர்ப் பானை. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் வழிப்போக்கர் எவரும் வீட்டாரைக் கேளாமலே அங்கே அமரலாம். கேளாமலே தண்ணீர் மொண்டு குடிக்கலாம். அந்தக் 'கேளாமலே' என்ற சொல்லை நேயர்கள் நினைவில் இருத்துக. விருந்தோம்பலின் நுட்பம் முழுவதும் அதனுள் அடங்கியுள்ளது என்பது என் கருத்து.

கொழும்பிலே வளவும் இல்லை. படலைக்குக் கூரையிட இடமும் இல்லை. கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகள் பல, ஒரே சுவரை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்ளும்படி தெருவோடு ஒட்டிக் கட்டப்பட்டவை. முன்புறம் தெருவின் ஓசையும் புழுதியும்; நடுவறைகளிலோ பகலிலும் இருள். வெள்ளவத்தையின் வீதிகள் காலி வீதியிலிருந்து இறங்கிப் புகைவண்டிப் பாதையையும் கடலையும் நோக்கி ஓடுபவை. அங்கே வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் குறைவில்லை. ஆயின் உப்புக்காற்று இரும்புக் கட்டிலையும் கதவுக் கொண்டியையும் அரித்துவிடும். இரு பகுதிகளிலும் சங்கடப்படலையின் பணியை ஏற்றது வீட்டின் முன்விறாந்தை.

விறாந்தை என்ற சொல்லே கடல் கடந்து வந்ததன்றோ? அங்கே கிடந்த கதிரையும் மேசையும், அறையிலிருந்த அலுமாரியும், அதைப் பார்த்திருந்த சன்னலும், விருந்தினர்க்கு எடுத்து நீட்டிய துவாயும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். மேசையின் லாச்சி ஒல்லாந்தர் தந்தது. பாயும் தலையணையும் செம்பும் நம்முடையவை. வந்தாரை வரவேற்கும் அறையிலே சொற்களும் விருந்தினராய் வந்து, நாளடைவில் வீட்டாராகவே ஆகிவிட்டன. இது புறத்தொற்று என்று எவரும் அவற்றை வெளியே அனுப்பவில்லை.

1905ஆம் ஆண்டு கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் புகைவண்டிப் பாதை நிறைவெய்தியது. அதன்பின் கந்தோர் உத்தியோகத்துக்கும் வணிகத்துக்கும் கல்விக்கும் வந்தோர் தொகை பெருகியது. முன்னே வந்து காலூன்றியவர் வீடு, பின்னே வந்தவர்க்குத் தங்குமிடமாயிற்று. பரீட்சைக்கு வந்த மாணவன், நேர்முகத்துக்கு வந்த இளைஞன், பெரியாஸ்பத்திரிக்கு வந்த முதியவர் என எவரேனும் ஒருவர் அவ்வீடுகளில் இருந்துகொண்டே இருப்பர். இரவுத் தபால் வண்டியில் வந்தவர் விடியற்பொழுதில் வாயிலில் நிற்பார். அவர் கையில் முருங்கைக்காய்க் கட்டும் ஒடியற் பொட்டலமும் இருக்கும். அவருக்கெனத் தனியறை கட்டிய வீடுகள் மிகச் சில. பிள்ளைகள் படிக்கும் அறையே இரவில் விருந்தினர் அறையாகும். சாய்மனைக் கதிரை ஒன்றும், சுருட்டிவைத்த பாயும், நுளம்பு வலையுமே அதன் தளபாடங்கள். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் பகலிலும் விருந்தினர் வந்தனர்.

இனி விளக்கின் கதையைக் காண்போம். தேங்காயெண்ணெய் விளக்கும், பின்னர் மண்ணெண்ணெய் அரிக்கன் லாம்பும் ஒளிதந்த நகரிலே, 1895ஆம் ஆண்டு கோட்டைப் பகுதியில் பூஸ்டட் சகோதரர் நிறுவனத்தார் மின்சாரம் வழங்கத் தொடங்கினர். மலையருவிகளிலிருந்து நாடு முழுவதற்கும் மின்வலு பெறலாமெனப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918இல் ஆய்வுரை ஒன்றில் விளக்கினார். ஆயினும் லக்சபான மின்வலு கிடைத்தது 1950இலேதான். மின்விளக்கு வருமுன் விருந்தினர் உறங்கும்வரை வீட்டார் ஒருவர் லாம்புடன் கூடவே நடக்க வேண்டியிருந்தது. கிணற்றடிக்குப் போகவும் ஒளியைக் கேட்டுப்பெற வேண்டும். சுவரில் ஓர் ஆளி வந்ததும் ஒளி விருந்தினரின் கைக்கே வந்தது. சங்கடப்படலையின் 'கேளாமலே' மீண்டும் வீட்டினுள் புகுந்தது எனலாம்.

ஆனால் ஒளியே விருந்தோம்பலாகாத காலமும் வந்தது. 1958இல் கலவரத்துக்கு அஞ்சிய கொழும்புத் தமிழர் அகதி முகாம்களில் அடைக்கலம் புகுந்து, கப்பலேறி வடக்கே சென்றனர். 1983 யூலையில் அக்கொடுமை பன்மடங்காக மீண்டது. அப்போது நான் பள்ளிச் சிறுவன். எங்கள் அயலில் வாழ்ந்த சிங்களக் குடும்பத்தார் எங்களைத் தம் வீட்டுப் பின்னறையிலே மறைத்துவைத்தனர். அரிசி மூடைகளை ஒதுக்கிப் பாய் விரித்தார் அவ்வீட்டு அம்மையார். ஒரு செம்பில் தண்ணீர் வைத்தார். பின்னர் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார். எத்தனையோ பேருக்குப் பாய் விரித்த என் தாயார் அன்றிரவு பிறர் விரித்த பாயில் உறங்காது கிடந்தார். நான் கண்ட விருந்தினர் அறைகளுள் மிகச் சிறந்தது விளக்கில்லாத அந்த அறைதான்.

போர்க்காலம் தொடர்ந்தது. 1990இல் யாழ்தேவி நின்றது. குடாநாட்டுக்கு மின்சாரமும் அற்றுப்போயிற்று. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாகவே, அங்குள்ளோர் ஜாம் போத்தலில் பஞ்சை இட்டு, அது நனையுமளவே எண்ணெய் வார்த்துச் சிறு திரியொன்றை எரித்தனர். அவ்வொளியில் படித்துத்தான் ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது. 1997ஆம் ஆண்டு கப்பலில் திருகோணமலைக்கு வந்து அங்கிருந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டை அடைந்த உறவினருடன் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். வீட்டில் மின்விளக்கு எரிவதை அவள் அதுவரை கண்டதில்லை. அறையின் ஆளியை அழுத்தி, அணைத்து, மீண்டும் அழுத்தி, "இதுக்கு எண்ணெய் முடியாதோ, மாமா?" என்று என்னைக் கேட்டாள். அவளுடைய தாய் வெட்கத்துடன் கையைப் பற்றி இழுத்து, "தொடாதை, அது அவையின்ர விளக்கு" என்றார். என் தாயார் சிரித்தபடி, "இந்த அறையில நீ இருக்குமட்டும் அது உன்ர விளக்குப் பிள்ளை, ஆசைதீரப் போடு" என்றார். விருந்தோம்பலைப் பற்றி நான் கற்ற பாடங்களுள் அதனினும் பெரியது பிறிதில்லை.

ஆயினும் அந்நாளில் விருந்தினரை வரவேற்பது வீட்டாரின் விருப்பத்தோடு முடிந்த செயலன்று. வந்தவர் பெயரைப் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டும். பதிந்த தாளை அலுமாரியில் காக்க வேண்டும். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். விருந்தினர் வருகிறார் என்றதும் படுக்கை விரிப்பை நினைக்குமுன் பதிவுத்தாளை நினைக்கும் நிலை உண்டாயிற்று. உறவினர் வீடு அமையாதோர் விடுதிகளில் தங்கினர். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் விடியுமுன், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளிலிருந்து தமிழர் 376 பேர் எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றப்பட்டனர். பெரும்பாலோர் வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். மருத்துவத்துக்கும் தொழிலுக்கும் வெளிநாட்டுப் பயண ஒழுங்குக்கும் வந்து தங்கியவர்கள் அவர்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்து அச்செயலை நிறுத்தியது. பின்னர் அரசாங்கமும் வருத்தம் தெரிவித்தது. உள்ளே வரவேண்டியவர் உளரோ என வினவிய பண்பாட்டின் வழிவந்த மக்கள், உள்ளே உறங்குவோர் எவர் எவர் என வினவப்பட்ட காலம் அது.

போர் 2009இல் ஓய்ந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்தது. வெள்ளவத்தை இன்று அடுக்குமாடிகளின் ஊர். விறாந்தை மறைந்து மாடமுகப்பாயிற்று. விருந்தினரும் இப்போது தொரன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருகின்றனர். குளிரூட்டியும் இணைந்த குளியலறையும் உண்டோ என்று வீட்டார் கவலையுறுகின்றனர். அவை இருப்பின் நன்று, இன்றேல் குறைவொன்றில்லை. படுத்தபடியே எட்டத்தக்க இடத்தில் ஒரு விளக்கு. கண்ணைக் குத்தாத மென்மையான மஞ்சள் ஒளி. கையருகே மூடிய செம்பில் தண்ணீர். அலுமாரியில் வெறுமையாக்கிய ஒரு தட்டு. உள்ளிருந்து தாழிடத்தக்க கதவு. இரவில் குளியலறைக்குச் செல்லும் வழியில் ஒரு சிறு விளக்கு. இவ்வளவும் இருந்தால் விருந்தினர் எதையும் கேட்டுக் கூசவேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நேர்ந்தபோது, அடுக்குமாடிகளிலும் மெழுகுதிரியைத் தேட நேர்ந்ததை மறவாது, லாச்சியில் ஒரு தீப்பெட்டியும் வைப்பது நலம்.

நேயர்களே, அந்தச் சிறுமி இன்று குடும்பத் தலைவி. கடல் கடந்து வாழ்கின்றாள். சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் தாயார் இப்போது இல்லை. அறையினுள் சென்றவள், எவரையும் கேளாமல் ஆளியை அழுத்தினாள். விளக்கு எரிந்தது. சங்கடப்படலையில் தண்ணீர் வைத்த நம் முன்னோர் வேண்டியதும் இவ்வளவே.