பூநகரியின் வெளிச்சக் கணக்கு

பூநகரியில் சோலர் நல்லதா கெட்டதா என்று கதைப்பதென்றால் 1990 இலிருந்து தொடங்க வேணும். யுத்தம் மறுபடி மூண்டு, வன்னிக்குக் கரண்ட் இல்லாமற்போன காலம். மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, ரோர்ச் பற்றறிக்குத் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, உள்ளேயே திரியை நிறுத்துவோம். போத்தலே சிமினி. பிபிசி தமிழோசை கேட்கச் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் பெடலைச் சுற்ற வேணும். டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் போகும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் இழுபடும்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு ஒரு பனல் வந்தது. ஒரு லொறி பற்றறி, இரண்டு லைற், அவ்வளவுதான். பற்றறிக்கு விடுவதற்கென்று மாரிமழைத் தண்ணீரைத் துணியில் வடித்து வைப்பார் என் கணவர். 2008 இல் மறுபடி யுத்தத்தால் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது உழவு மெசின் பெட்டியில் நெல்லு மூட்டைக்கு மேல் அந்தப் பனலையும் ஏற்றினோம். தருமபுரம் வரைதான் அது எங்களோடு வந்தது.

இப்போதைய சோலர் வேறு சங்கதி. 2016 இல் வந்த ‘சூரிய பல சங்ராமய’ திட்டத்தில் மின்சார சபைக்குக் கொடுக்கும் யூனிற்றுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, பிறகு 13 வருடம் 15 ரூபா 50 சதம் என்று அப்போதைய ஒப்பந்தம். 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று கட்டணம் ஏறியபோது பனல் போட்டவர்கள் தப்பினார்கள். ஆனால் 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது அவர்கள் வீடும் இருட்டுத்தான். பற்றறி இல்லாத பனல், லைனில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். லைன் திருத்துகிறவருக்குக் கரண்ட் அடிக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு. அதைக் குறைசொல்ல ஏலாது.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல், நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறையில் ஒரு குரங்கு செய்த வேலை என்றார்கள். பாவனை குறைந்த நேரத்தில் சோலர் கூடிப்போனதும் காரணம் என்றது சபை. அந்த ஏப்ரல் 13 முதல் 21 வரை பின்னேரம் 3 மணிமட்டும் கூரைச் சோலரை நிறுத்திவைக்கவும் கேட்டது. வெயில் எரிக்கிற சித்திரையில்!

மருமகன் கனடாவிலிருந்து 5 கிலோவாற் போடுவம் மாமி என்கிறார். இது உப்புக்காற்று ஊர், ஆணி வரைக்கும் துருப்பிடிக்கும். சோளகத்தில் பனலில் மண் அப்பும். ஏறிக் கழுவுகிற வயதும் எனக்கில்லை. சின்னனாய், பற்றறியோடு போடுங்கோ தம்பி என்றேன். பற்றறிக்கே பெருங்காசு போகும், சில வருடத்தில் மாற்றவும் வேணும் என்றார். கணக்குச் சரிதான். பெரும்போக நெல்லு வித்ததும் பற்றறிக் காசை நானே தாறன் என்று சொல்லிவிட்டேன்.