பாஸ்டன் பனிக்கட்டி முதல் போத்தனூர் ஃப்ரீசர் வரை: ஒரு ஐஸ்கிரீம் பையின் சரித்திரம்



பேத்தியின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே செய்த ஐஸ்கிரீம் பை படத்தைப் போன வாரம் போட்டிருந்தேன். இரண்டு விதமான கேள்விகள் வந்தன. "ஓட்டல்ல குடுக்கறாப்லயே இருக்குதுங்க டீச்சர், எப்படிச் செஞ்சீங்க?" என்று பாதிப்பேர். "ஐஸ்கிரீமை எதுக்குங்க அத்தை பையில போட்டீங்க?" என்று மீதிப்பேர். இது மளிகைக்கடைப் பை இல்லை கண்ணுகளா. அடியில் மாவோ பிஸ்கட்டோ தட்டுப் போல வைத்து, உள்ளே இனிப்பை நிரப்பும் மேல்நாட்டுப் பலகாரத்துக்குப் பெயர் 'பை'. அதில் ஐஸ்கிரீமை நிரப்பினால் ஐஸ்கிரீம் பை.

செய்முறை மட்டும் போதும் என்பவர்கள் நேராகக் கீழே போய்விடலாம். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், பாடம் முடியாமல் நான் மணி அடிக்க விடமாட்டேன்.

*கப்பலில் வந்த குளிர்ச்சி*

குளிர்ந்த பொருள் நம் நாட்டுக்குப் புதிதில்லை. அக்பர் காலத்தில் அபுல் ஃபசல் எழுதிய 'அயினி அக்பரி'யில், வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் பாத்திரத்தை வைத்துக் குடிநீரைக் குளிரவைக்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. லாகூருக்கு மலையிலிருந்து பனிக்கட்டி வந்த விவரமும் உண்டு. ஆனால் அதெல்லாம் அரண்மனைக் குளிர்ச்சி.

நம் தென்னாட்டு வெயிலுக்குப் பனிக்கட்டி கடல் கடந்துதான் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஃபிரடெரிக் டியூடர் என்றொரு வியாபாரி. குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்ததும், அந்தப் பனியைக் கட்டி கட்டியாக வெட்டி, மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றினார். மரத்தூள், ரம்பப் பட்டறைகளில் வேண்டாமென்று கொட்டிக் கிடந்த பொருள். 1833 மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனிலிருந்து கிளம்பியது. பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, நான்கு மாதம் கழித்துச் செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. இன்று அரை மணி நேரம் கரண்ட் போனால் நாம் ஃப்ரீசர் கதவைத் திறந்து திறந்து பார்க்கிறோம்!

சென்னையில் அந்தப் பனிக்கட்டியைச் சேர்த்துவைக்கக் கடற்கரையோரம் 1842-ல் ஒரு கட்டடம் கட்டினார்கள். திருவல்லிக்கேணிப் பக்கம் 'ஐஸ் ஹவுஸ்' என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த பனி வீடுகள் போய்விட்டன, நம்முடையது நிற்கிறது. பனி வியாபாரம் நின்றபின் அது வேறு கைக்கு மாறி, 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் வந்து தங்கிய வீடாயிற்று. இன்று அதன் பெயர் விவேகானந்தர் இல்லம்.

தோரோ என்ற அமெரிக்க எழுத்தாளர் 1854-ல் வெளியிட்ட 'வால்டன்' நூலில், தம் வீட்டோரக் குளத்தில் பனி வெட்டுவதைப் பார்த்துவிட்டு, சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வெயிலில் வாடுகிறவர்கள் தம் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். படிக்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்த சென்னைவாசிகள் யார்? வெள்ளைக்கார துரைமார்களும் சில பணக்காரர்களும்தான். கரையில் இறங்கிய கட்டியைச் சுமந்த கூலியாளுக்குக் கிடைத்தது, தோளில் வழிந்த தண்ணீர் மட்டும்தான்.

*ரயிலும் மின்சாரமும்*

1870-களில் இயந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனிகள் சென்னையிலும் கல்கத்தாவிலும் வந்தன. பாஸ்டன் வியாபாரம் படுத்தது.

இதற்குள் நம் ஊர் வந்துவிட்டது. சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த ரயில் பாதை 1862-ல் போத்தனூரைத் தொட்டது. கோயமுத்தூருக்கு ரயில் 1873-ல்தான், அதுவும் நம்மூரிலிருந்து பிரிந்த கிளைப் பாதையில். போத்தனூர்க்காரர்கள் இதைச் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்துவது நியாயம்தான்!

ரயிலோடு ரயில்வே காலனி வந்தது. காலனியோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வந்தன. அவர்கள் சமையலறையோடு கேக்கும், புட்டிங்கும், கையால் சுற்றும் ஐஸ்கிரீம் வாளியும் வந்தன. 1960-களில் சிறுமியாக இருந்தபோது, கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த வாளியைப் பார்த்திருக்கிறேன். வெளியே மரவாளி, உள்ளே தகர டப்பா. இடையில் ஐஸ் கட்டியும் கல் உப்பும் மாறி மாறிக் கொட்டுவார்கள். டப்பாவில் பால், சர்க்கரை, முட்டை கலந்து காய்ச்சிய கஸ்டர்டு. தெருப்பிள்ளைகள் முறைவைத்துக் கைப்பிடியைச் சுற்றுவோம். சுற்றியவர்களுக்கு ஆளுக்கொரு கரண்டி கூலி.

அந்த வாளியை உருவாக்கி 1843-ல் காப்புரிமை வாங்கியவர் நான்சி ஜான்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி. அதற்குமுன் ஐஸ்கிரீம் செய்ய மணிக்கணக்காக ஆள் வேண்டும். ஒரு பெண் யோசித்ததால் அது வீட்டு வேலையாயிற்று.

ஐஸோடு உப்பு எதற்கு? ஐந்தாம் வகுப்பில் நான் செய்துகாட்டியது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? தண்ணீர் உறைவது 0 டிகிரியில். உப்பு சேர்ந்தால் அந்த நிலை கீழே இறங்குகிறது. ஐஸ் உருக வெப்பம் வேண்டும், அதைப் பக்கத்தில் இருக்கும் பாலிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு போட்டால் கலவை ஏறக்குறைய மைனஸ் 20 டிகிரி வரை போகும். வாளியில் ஐஸ், உப்பு, நடுவில் எவர்சில்வர் டம்ளரில் சர்க்கரைப் பால். நாற்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கு அரைக் கரண்டி வந்தது. அன்றைக்குத்தான் முதல்முதலாக ஐஸ்கிரீமை வாயில் வைத்த பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருந்தார்கள்.

1930-களின் தொடக்கத்தில் பைகாரா நீர்மின் நிலையம் வந்ததும் கோவை வட்டாரத்தின் நிலைமையே மாறிப்போனது. மலைத் தண்ணீரில் பிறந்த மின்சாரத்தில் பஞ்சாலைகள் பெருகின. மின்சாரம் இருக்கும் ஊரில்தானே ஐஸ் ஃபேக்டரி ஓடும்! அப்போதும் குளுகுளு வசதி சிலருக்குத்தான். 1934-ல் ஃபிரான்டியர் மெயிலில் வண்டிக்கு அடியில் ஐஸ் கட்டிகளை வைத்துக் காற்றைக் குளிரவைத்து ஓட்டினார்கள். அது மேல்வகுப்புப் பயணிகளுக்கு. மற்றவர்களுக்கு ஜன்னல் காற்று.

*குச்சியும் பையும்*

சாதாரணப் பிள்ளைகளின் கைக்குக் குளிர்ச்சியைக் கொண்டுவந்தது குச்சி ஐஸ்தான். சைக்கிள் கேரியரில் மரப்பெட்டி, 'பாம் பாம்' என்று ஹாரன், பால் ஐஸ், சேமியா ஐஸ், திராட்சை ஐஸ். இதன் மூலக்கதையில் இருப்பவன் ஒரு சிறுவன். 1905-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுப் பையன், சோடாப் பொடி கலந்த தண்ணீரைக் கலக்கும் குச்சியோடு இரவு வெளியே வைத்துவிட்டுப் போக, காலையில் அது உறைந்திருந்ததாம். பெரியவனான பிறகு அதற்குக் காப்புரிமை பெற்றார்.

'பை' என்ற பெயரோடு ஐஸ்கிரீம் முதலில் பெரிய வியாபாரமானதும் ஒரு பிள்ளையால்தான். 1920-ல் அயோவா மாநிலத்தில் ஒனாவா என்ற சிற்றூர். கிறிஸ்டியன் நெல்சன் அங்கே மிட்டாய்க்கடை வைத்திருந்தார். அவர் பள்ளி ஆசிரியரும்கூட! கடைக்கு வந்த பையன் ஒருவன், இருக்கும் காசுக்குச் சாக்லேட் வாங்குவதா ஐஸ்கிரீம் வாங்குவதா என்று தவித்தான். இரண்டையும் ஏன் ஒன்றாக்கக் கூடாது என்று வாத்தியார் யோசித்தார். உருகிய சாக்லேட் ஐஸ்கிரீமில் ஒட்டவில்லை. கோகோ வெண்ணெயைக் கூட்டிப் பார்த்தார், ஒட்டிக்கொண்டது. 1922-ல் 'எஸ்கிமோ பை' என்று காப்புரிமை வாங்கினார். 'எஸ்கிமோ' என்ற சொல் பனிநாட்டுப் பழங்குடி மக்களுக்கு இழிவாகப் படுகிறது என்பதால், அண்மையில் அந்தப் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 1970-ல் திருத்தங்கல்லைச் சேர்ந்த சந்திரமோகன் என்ற இளைஞர், சென்னை ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலில் ஐஸ் மிட்டாய் செய்யத் தொடங்கினார். நகரத்தில் பெரிய கம்பெனிகளோடு மோத முடியாமல் சின்ன ஊர்களுக்குப் போனார். அதுதான் அருண் ஐஸ்கிரீம். இதற்கிடையே 1958-ல் கோத்ரெஜ் நம் நாட்டிலேயே குளிர்சாதனப் பெட்டி செய்யத் தொடங்கியிருந்தது. கப்பல், பனி வீடு, ஐஸ் ஃபேக்டரி, மரப்பெட்டி என்று சுற்றிவந்த குளிர்ச்சி, கடைசியில் நம் சமையலறை மூலையில் மைனஸ் 18 டிகிரியில் வந்து உட்கார்ந்தது.

*சரி, செய்முறை*

1. மேரி பிஸ்கட் அல்லது டைஜஸ்டிவ் பிஸ்கட் 200 கிராம். மிக்ஸியில் ரவை பதத்துக்குப் பொடியுங்கள். (மேரி பிஸ்கட், 1874-ல் ரஷ்ய இளவரசி மரியாவின் கல்யாணத்துக்காக லண்டனில் செய்தது. அதுவும் சரித்திரம்தான்!)

2. உருக்கிய வெண்ணெய் 90 கிராம் சேர்த்துப் பிசையுங்கள். கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும். 8 அங்குலத் தட்டில் அடியிலும் ஓரத்திலும், டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்திப் பரப்பி, ஃப்ரீசரில் அரை மணி நேரம் வையுங்கள். ஓட்டலில் வெட்டும்போது அடி உதிராமல் இருப்பதற்கு இந்த அழுத்தம்தான் காரணம்.

3. ஒரு லிட்டர் ஐஸ்கிரீமை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் கால் மணி நேரம் வையுங்கள். இளக வேண்டும், உருகக் கூடாது. உருகி மறுபடி உறைந்தால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும், பனித்துகள் பெரிதாகி நறநறவென்று இருக்கும்.

4. பாதியைப் பரப்பி அரை மணி நேரம் உறையவிடுங்கள். மேலே உடைத்த கடலைமிட்டாய் ஒரு கை. இது நம்மூர்ச் சேர்க்கை. பிறகு மீதி ஐஸ்கிரீம். காற்றுப் புகாமல் மூடி, ஓர் இரவு முழுக்க விடுங்கள்.

5. பரிமாறுவதற்குமுன் சாக்லேட் குழம்பு ஊற்றி, கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நனைக்க வேண்டும்.

*டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்*

இந்தப் பாடத்தின் முக்கியப் பகுதி இதுதான். கடையில் வாங்கும் டப்பாவில் 'ஐஸ்கிரீம்' என்று போட்டிருக்கிறதா, 'ஃப்ரோஸன் டெஸர்ட்' என்று போட்டிருக்கிறதா?

நம் நாட்டு உணவுச் சட்டப்படி, வெறுமனே 'ஐஸ்கிரீம்' என்று விற்பதில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். ஃப்ரோஸன் டெஸர்ட்டில் பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்க்கலாம். பாமாயில் போன்றவை. இதைப் பற்றி 2017-ல் அமுலுக்கும் இந்துஸ்தான் யூனிலீவருக்கும் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்கே நடந்தது. ஃப்ரோஸன் டெஸர்ட்டைத் தாழ்த்திக் காட்டும் விளம்பரம் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. அது நியாயம்தான். அது விஷமும் இல்லை, சட்டவிரோதமும் இல்லை. ஆனால் எது எது என்று தெரிந்து வாங்குவது நம் கடமை.

ஒரு கணக்குப் போடுவோம். சட்டப்படி ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும். அதில் 10 சதவீதம் என்றால் சுமார் 52 கிராம் பால் கொழுப்பு. 4 சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலில் இது கிடைக்க ஒன்றேகால் லிட்டர் பால் வேண்டும். அப்படியானால் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு லிட்டர் ஐஸ்கிரீமுக்கும் பின்னால், எங்கேயோ ஒரு கட்டுத்தரையில் ஒன்றேகால் லிட்டர் பால் பீச்சியிருக்கிறார்கள்.

நம் கொங்கு நாட்டில் மழை பொய்த்த வருஷங்களில் எத்தனை குடும்பங்கள் இரண்டு மாட்டை வைத்துப் பிழைத்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து பால் பீச்சி, சொசைட்டியில் ஊற்றிவிட்டு, வாரக் கடைசியில் வரும் பால் காசில் உங்களுக்கு நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்த அம்மாக்கள் எத்தனை பேர்! சொசைட்டியில் பாலின் கொழுப்பை அளந்துதான் விலை போடுகிறார்கள். அந்தக் கொழுப்புக்குப் பதிலாகக் கப்பலில் வரும் பாமாயில் போதும் என்றாகிவிட்டால், நஷ்டம் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

அன்று கப்பலில் வந்த பனிக்கட்டியால் லாபம் பாஸ்டனுக்கு. இன்று குளிர்ச்சி நம் வீட்டிலேயே இருக்கிறது, பாலும் நம் ஊரிலேயே இருக்கிறது. அடுத்த முறை வாங்கும்போது டப்பாவைத் திருப்பி இரண்டு வரி படியுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தது அதற்கும் சேர்த்துத்தான் கண்ணுகளா.

செய்து பார்த்தவர்கள் படம் போடுங்கள். அந்தக் காலக் குச்சி ஐஸ் உங்கள் ஊரில் என்ன விலை, என்ன நிறம் என்றும் எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், போத்தனூர்