ராமானுஜன் வேலை தேடிய கதை

ராமானுஜன் என்றால் நாமக்கல் நாமகிரித் தாயாரும் 1729 என்ற டாக்ஸி எண்ணும் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எனக்குப் பிடித்த அத்தியாயம் வேறு. 1910-க்கும் 1912-க்கும் நடுவில் அவர் வேலை தேடி அலைந்தாரே, அந்தக் காலம். அவருடைய கணக்கைப் புரிந்துகொள்ளும் அறிவு எனக்குக் கிடையாது. ஆனால் ஓர் அலுவலகத்தின் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் உட்கார்ந்து பல வருஷம் வேலை விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்த்தவன் நான். அந்தக் கண்ணால் பார்த்தால், இந்த மனிதர் வேலை தேடிய விதம் அலாதியானது.

முதலில் அவருடைய தகுதியைப் பார்ப்போம். மெட்ரிகுலேஷன் பாஸ். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற எதையும் படிக்காததால் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பி, 1907-ல் தனியாகப் பரீட்சை எழுதினார். அதிலும் கணக்கில் மட்டுமே தேர்ச்சி. அதோடு கல்லூரிப் படிப்பு முடிந்தது. அப்பா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கர். 1909 ஜூலையில் ராமானுஜனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண் ஜானகிக்கு வயது 10. அடுத்த ஜனவரியில் அவருக்கு ஓர் அறுவை சிகிச்சை வேறு. தேறி எழுந்தபோது கையில் பட்டமும் இல்லை, பணமும் இல்லை. இருந்தவை எண்ணும் குறியுமாக நிரப்பிய நோட்டுப் புத்தகங்கள்தான்.

ட்யூஷன் எடுத்துப் பார்த்தார், சரிவரவில்லை. பரீட்சைக்கு வேண்டியதைச் சொல்லித் தரச் சொன்னால், அவர் பரீட்சையைத் தாண்டி எங்கோ போய்விடுவார். மார்க் வாங்க வேண்டிய பையனுக்கு அது எப்படி உதவும்?

அப்போது அவர் செய்த காரியம்தான் என்னை வியக்க வைக்கிறது. அந்தக் காலத்தில் வேலை வேண்டுமென்றால் ஒன்றுவிட்ட சித்தப்பா, அத்திம்பேரின் அண்ணா என்று உறவுமுறையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ராமானுஜன் 1910-ல் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமஸ்வாமி ஐயர். உத்தியோகம் ரெவின்யூவில்தான், ஆனால் மனசெல்லாம் கணக்கு. 1907-ல் இவர் தொடங்கிய சின்னக் குழுதான் பிறகு இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்தது. அதாவது, வேலை கொடுக்கும் அதிகாரமும் இருக்க வேண்டும், நோட்டில் இருப்பது என்னவென்று புரியவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த ஆள் அந்த நாளைய சென்னை மாகாணத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அப்படிப்பட்டவரைத் தேடிப் போய்விட்டார்.

அவர் கேட்டது பெரிய உத்தியோகம் இல்லை. தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை. ராமஸ்வாமி ஐயர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார், அசந்து போனார், வேலை கொடுக்க மறுத்துவிட்டார்! ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் இந்த ஆளை உட்கார வைத்தால் அந்தத் திறமையைத் தானே நெரித்தது போலாகிவிடும் என்று அவருக்குத் தோன்றியதாம். படிக்கும்போது நமக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் வந்தவனுக்கு, "நீ இந்த வேலைக்கு மிஞ்சினவன்" என்ற பாராட்டு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பாராட்டை வைத்து மெஸ்ஸில் சாப்பாடு போட மாட்டார்கள்.

நல்லவேளை, ராமஸ்வாமி ஐயர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. சென்னையில் பிரசிடென்சி கல்லூரியில் இருந்த பி.வி.சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்தார். சேஷு ஐயர் முன்பு கும்பகோணம் கல்லூரியில் இருந்தவர், இந்தப் பையனை ஏற்கெனவே அறிந்தவர். அந்த வழியாக அடுத்து எட்டிய இடம், நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவ். இவரும் கணிதக் கழகத்தில் முக்கியஸ்தர்.

ராமச்சந்திர ராவ் பிற்பாடு அந்தச் சந்திப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். குட்டையான, பருத்த உருவம். சவரம் செய்யாத முகம், அவ்வளவாகச் சுத்தமில்லாத தோற்றம், கக்கத்தில் கிழிசல் நோட்டு. கண்கள் மட்டும் பளபளவென்று இருந்தனவாம். நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் போகக்கூடாது என்று பாடம் எடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஒரே சந்திப்பில் காரியம் ஆகவும் இல்லை. ராவ் முதலில் நம்பவில்லை. இது நிஜச் சரக்கா, பித்தலாட்டமா என்ற சந்தேகம் அவருக்கு. நண்பர் ஒருவர் விடாமல் திரும்பத் திரும்ப அழைத்துப் போனார். எளிமையானதில் தொடங்கிக் கடினமானதற்குப் படிப்படியாக ராமானுஜன் கொண்டுபோகப் போக, கலெக்டருக்கு நம்பிக்கை வந்தது.

என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ராமானுஜன் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க அவகாசம் வேண்டும். ராவ் சென்னையில் தங்கிக்கொள்ளச் சொல்லி, தன் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் மணியார்டர் அனுப்பினார். சுமார் ஒரு வருஷம் இது நடந்தது.

அந்த ஒரு வருஷத்தில்தான் ராமானுஜன் அச்சில் வந்தார். கணிதக் கழகத்தின் இதழில் புதிர்க் கணக்குகள் கேட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் ஒரு கணக்கை, அதன் மதிப்பு என்ன என்று வாசகர்களைக் கேட்டது அதில் பிரசித்தம். யாரும் விடை அனுப்பவில்லை. விடை வெறும் 3 என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. 1911-ல் பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரையும் அதே இதழில் வந்தது. ஓர் ஊரில் ஒருவருக்குத் தெரிந்த பெயர், இப்போது மாகாணத்தில் கணக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் தெரிந்த பெயராயிற்று. வேலை தேடுகிறவன் தன் தொழிலின் பத்திரிகையில் எழுதிப் பெயர் எடுப்பது இன்றுகூட நம் பிள்ளைகள் அதிகம் செய்யாத காரியம்.

இருந்தாலும் அடுத்தவர் பணத்தில் எத்தனை நாள் உட்கார்ந்து சாப்பிடுவது? 1912 தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் தற்காலிக வேலை ஒன்றில் சேர்ந்தார். சம்பளம் 20 ரூபாய். சும்மா இருந்தால் 25, வேலை செய்தால் 20! இந்தக் கணக்கை அவர் ஏன் இப்படிப் போட்டார் என்பது கௌரவம் உள்ளவர்களுக்குப் புரியும். சில வாரங்கள்தான் அது நீடித்தது.

அந்த வேலையில் இருக்கும்போதே எழுதியதுதான் 1912 பிப்ரவரி 9 தேதியிட்ட விண்ணப்பம். திருவல்லிக்கேணி சம்மர் ஹவுஸ் என்ற முகவரியிலிருந்து, மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்டின் தலைமைக் கணக்கருக்கு. நாலைந்து வாக்கியம்தான். குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன், மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில சங்கடங்களால் தொடர முடியவில்லை, அதன் பிறகு முழு நேரமும் கணிதத்தில் செலவிட்டு வருகிறேன், வேலையைச் சரியாகச் செய்ய முடியுமென்று நம்புகிறேன், தயவுசெய்து நியமிக்கவும். அவ்வளவே.

எங்கள் பிரிவுக்கு இது வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் சலிப்பிலேயே தள்ளுபடிக் கட்டுக்குப் போயிருக்கும். இரண்டு இடத்தில் படித்தும் எஃப்.ஏ. இல்லை, வயது 24, நிரந்தர வேலை பார்த்த அனுபவம் இல்லை. சமாதானம் எழுதாமல், தோல்வியை ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனாரே, அதை மட்டும் ரசித்திருப்பேன். எனக்கு வந்த விண்ணப்பங்களில் பாதி, குடும்பக் கஷ்டத்தை மூன்று பக்கத்துக்கு எழுதியவை.

ஆனால் அந்த விண்ணப்பம் தனியாகப் போகவில்லை. பிரசிடென்சி கல்லூரியின் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் என்ற ஆங்கிலேயர் கொடுத்த பரிந்துரையும் உடன் போயிற்று. அதைவிட முக்கியம், போர்ட் டிரஸ்ட் அலுவலகத்தில் இந்தியர்களில் மூத்த அதிகாரியாக இருந்தவர் எஸ்.நாராயண ஐயர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர். கணிதக் கழகத்தின் பொருளாளரும் அவரே. அந்த அலுவலகத்துக்கு இந்தப் பெயர் புதிதல்ல என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். திருக்கோவிலூரில் மறுக்கப்பட்ட குமாஸ்தா வேலை, ஒன்றேகால் வருஷம் சுற்றிக்கொண்டு துறைமுகத்தில் கிடைத்தது. 1912 மார்ச் 1-ஆம் தேதி, மூன்றாம் வகுப்பு நான்காம் நிலை குமாஸ்தா, மாதம் 30 ரூபாய்.

மேலதிகாரி அமைவது எப்படி என்பதற்கும் இது ஒரு கதை. சாயங்காலம் ஆனால் நாராயண ஐயர் வீட்டில் இருவரும் ஆளுக்கொரு பலகையை வைத்துக்கொண்டு ராத்திரி வரை கணக்குப் போடுவார்களாம். இரண்டு வரியில் விடைக்குத் தாவிவிடும் ராமானுஜனிடம், என் தரத்துக்கு இறங்கி வந்து பத்துப் படியாவது எழுதப்பா என்பாராம் அவர். வெளியுலகத்துக்குப் புரிகிற மாதிரி எழுதும் பழக்கம் அந்த வீட்டில்தான் வந்தது என்று சொல்லலாம். இந்த ஆளை விட்டுவிடக்கூடாது என்று போர்ட் டிரஸ்ட் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடமும் எடுத்துச் சொன்னார்.

வேலை கிடைத்த பிறகும் தேடல் நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் இருவருக்கும் எழுதி அனுப்பினார், பலன் இல்லை. 1913 ஜனவரி 16-ல் ஹார்டிக்கு எழுதினார். தான் வருஷத்துக்கு 20 பவுன் வாங்கும் துறைமுகக் குமாஸ்தா என்று கூச்சமில்லாமல் முதலிலேயே சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்தார். திருக்கோவிலூரில் செய்த அதே காரியம்தான், இந்த முறை தபாலில். அடுத்த மாதம் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது, ஸ்பிரிங் அவரிடம் நோட்டைக் காட்டினார். வாக்கர் உடனே சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எம்.ஏ. வேண்டும் என்று விதி. எஃப்.ஏ.கூட இல்லாதவருக்கு விதியைத் தளர்த்தி, 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் கொடுத்தார்கள். 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, திறமை இருந்தால் வழி தானாகத் திறக்கும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். திறந்த கதவுகளைக் கவனியுங்கள். இந்தியப் பெயர்களில் ஐயர், ஐயர், ராவ், மறுபடி ஐயர். கும்பகோணத்து அக்ரஹாரத்துப் பையன் அவர்கள் வீட்டுக் கூடம் வரை போக முடிந்தது, சாப்பிட உட்கார முடிந்தது. அதே நோட்டோடு வேறு ஜாதியில் ஒரு பையன் வந்திருந்தால் திண்ணையைத் தாண்டியிருப்பானா? இதைச் சொல்வதால் ராமானுஜனின் பெருமை குறையாது. சிபாரிசும் உறவும் இல்லாதவர்களுக்காக, 1929-ல் சென்னை மாகாணத்தில் சர்வீஸ் கமிஷன் வந்தது. இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது. எங்கள் தலைமுறையில் எத்தனையோ குடும்பங்களில் முதல் மாதச் சம்பளம் அந்தப் பரீட்சை வழியாக வந்ததுதான். ஆனால் ராமானுஜன் அந்தப் பரீட்சையை எழுதியிருந்தால் கணக்கில் நூறும் மற்றதில் கோட்டையுமாக வெளியே நின்றிருப்பார். இரண்டு வழியும் வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொரு வேலை தேடலையும் சொல்லிவிடுகிறேன், யாரும் அதிகம் பேசாதது. 1920 ஏப்ரல் 26-ல் ராமானுஜன் காலமானபோது ஜானகி அம்மாளுக்கு வயது 21. பள்ளிப் படிப்பும் கிடையாது. பம்பாயில் இருந்த தம் சகோதரர் வீட்டுக்குப் போனார், அங்கே தையல் கற்றுக்கொண்டார், இங்கிலீஷும் கொஞ்சம் படித்தார். பல்கலைக்கழகம் கொடுத்த சிறு பென்ஷன் ஒன்று இருந்தது. 1930-களில் சென்னைக்குத் திரும்பி, கணவர் வேலை தேடி அலைந்த அதே திருவல்லிக்கேணியில் குடியிருந்து, துணி தைத்துச் சம்பாதித்தார். அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் தையல் சொல்லிக் கொடுத்தார். 1994 வரை வாழ்ந்தார். அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் சிலராவது, யார் என்று தெரியாமலே அந்த அம்மாளிடம் ரவிக்கை தைத்து வாங்கியிருப்பார்கள்.