மழை எல்லோரையும் சமமாக்குமா? சென்னாவும் புரொஸ்டும் ஈரப் பாதையும்

சற்று நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

கார்ப் பந்தயம் பார்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை இருக்கிறது: "மழை பெய்தால் எல்லோரும் சமம்." பாதிதான் உண்மை. ஈரப் பாதையில் இயந்திரத்தின் முழு வலுவையும் தரையில் இறக்க முடியாது. ஆகவே காருக்கும் காருக்கும் உள்ள இடைவெளி குறைகிறது. ஓட்டுநருக்கும் ஓட்டுநருக்கும் உள்ள இடைவெளியோ கூடிவிடுகிறது.

காரணம் இலகுவானது. காய்ந்த பாதையில் எல்லோரும் ஒரே கோட்டில் ஓடுவதால் டயர் இறப்பர் தேய்ந்து அந்தக் கோட்டில் படிகிறது, பிடிமானம் கூடுகிறது. மழை விழுந்ததும் அதே இறப்பர்ப் படிவுதான் சவர்க்காரம் பூசியது போல வழுக்குகிறது. பிடிமானம் இப்போது வேறெங்கோ, வளைவின் வெளிப்பக்கத்தில், ஒருவரும் போகாத இடத்தில் இருக்கும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். அடுத்த சுற்றில் அதுவும் இடம் மாறியிருக்கும்.

பிரேசில் நாட்டவரான அயர்டன் சென்னா இதை எங்கே கற்றார்? சிறு வயதில் கார்ட் ஓட்டிய காலத்தில், ஈரத்தில் நடந்த ஒரு பந்தயத்தில் எல்லோரும் அவரை முந்திச் சென்றார்களாம். அதன் பிறகு சாவோ பாவுலோவில் மழை பெய்யும் நாளெல்லாம் அவர் கார்ட்டைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போனார் என்று சொல்லப்படுகிறது. "பிறவித் திறமை" என்று பேசும் இரசிகர்கள் இந்த இடத்தை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆசிரியர்களாகிய நாம் கடப்பதில்லை.

1984 ஜூன் 3, மொனாக்கோ. சென்னாவுக்கு அது போர்மியூலா வன்னில் முதல் பருவம். டோல்மன் என்ற சிறிய அணி, 13ஆம் இடத்திலிருந்து ஆரம்பம். கொட்டும் மழையில் ஒவ்வொருவராக முந்தி, நிக்கி லவுடாவையும் தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்தார். முன்னால் மக்லாரனில் அலன் புரொஸ்ட். இடைவெளி ஒவ்வொரு சுற்றிலும் செக்கன் கணக்கில் சுருங்கியது. புரொஸ்ட் கையசைத்துப் பந்தயத்தை நிறுத்தச் சொன்னார். 32ஆம் சுற்றில் சிவப்புக் கொடி விழுந்தது. வேகம் குறைத்த புரொஸ்டை சென்னா தாண்டினாலும், பெறுபேறு 31ஆம் சுற்றின்படியே எடுக்கப்பட்டது. வெற்றி புரொஸ்டுக்கு.

நிறுத்தியவர் ஜாக்கி இக்ஸ். அவரே தன் காலத்தில் மழையில் பேர்போன ஓட்டுநர்! அவர் வேறு பந்தயங்களில் போர்ஷ அணிக்கு ஓட்டினார். புரொஸ்டின் காரில் இருந்ததும் போர்ஷ தயாரித்த இயந்திரம். சந்தேகம் எழாமல் இருக்குமா? இக்ஸ் பின்னர் தண்டிக்கவும்பட்டார்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். திட்டமிட்ட தூரத்தில் பாதிகூட ஓடாததால் அரைப் புள்ளிகளே வழங்கப்பட்டன. புரொஸ்டுக்கு 9க்குப் பதில் 4.5. பந்தயம் முழுமையாக ஓடி, அவர் சென்னாவுக்குப் பின்னால் இரண்டாவதாக வந்திருந்தால் 6 கிடைத்திருக்கும். அந்த ஆண்டு உலக சம்பியன் லவுடா 72 புள்ளிகள், புரொஸ்ட் 71.5. அரைப் புள்ளியால் பட்டம் போனது. அவருக்குச் சாதகமாகப் பந்தயத்தை நிறுத்தினார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் இந்தக் கூட்டலைச் செய்து பார்ப்பதில்லை.

அன்று மூன்றாவதாக வந்தவர் ஸ்டெபான் பெலோஃப். டர்போ இல்லாத டிரெல் காரில், கடைசி இடமான 20இலிருந்து! சென்னாவை விடவும் வேகமாக வந்தார் என்பவர்களும் உண்டு. டிரெல் அணியின் அந்த ஆண்டுப் பெறுபேறுகள் எல்லாம் பின்னர் இரத்தாகின. அடுத்த ஆண்டு பெல்ஜியத்தின் ஸ்பாவில் பெலோஃப் விபத்தில் இறந்தார். அவர் மோதிக்கொண்டது இக்ஸின் காருடன்.

1985 ஏப்ரல் 21, போர்த்துக்கலின் எஸ்டொரில். லோட்டஸ் காரில் சென்னாவின் முதல் வெற்றி. மழையில் இரண்டாம் இடத்தவரை ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தள்ளினார். மற்ற எல்லோரையும் ஒரு சுற்றாவது முந்தியிருந்தார். நேர்ப்பாதையிலேயே சுழன்று வெளியேறியவர்களில் புரொஸ்டும் ஒருவர். தானும் ஒரு தடவை நான்கு சில்லும் புல்லில் இறங்க, கார் தானாகவே திரும்பி வந்தது என்று சென்னா பிறகு ஒப்புக்கொண்டார்.

இப்போது புரொஸ்ட். அவரை மழைக்குப் பயந்தவர் என்று பலர் கேலி செய்கிறார்கள். 1988இல் சில்வர்ஸ்டனில் மழையில் தானாகவே நிறுத்தினார். 1989இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு சுற்றோடு இறங்கி, மறுதொடக்கத்துக்கும் வர மறுத்தார். உண்மைதான். ஆனால் 1982 ஓகஸ்ட்டில் ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில், மழைத் தூவானத்தில் கண் தெரியாமல் டிடியே பிரோனியின் ஃபெராரி வந்து மோதியது புரொஸ்டின் காரின் பின்புறத்தில்தான். பிரோனி அப்போது சம்பியன் பட்டியலில் முதலிடம். கால்கள் நொறுங்கி, அதன் பிறகு போர்மியூலா வன்னில் அவர் ஓடவே இல்லை.

மழையில் முந்துபவனுக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அதே அடிலெய்ட் பந்தயத்தில் முன்னணியில் பறந்துகொண்டிருந்த சென்னா, தூவானத்துக்குள் மறைந்திருந்த பிரண்டிலின் காரின் பின்னால் மோதி வெளியேறினார். எவருடைய கணிப்பு அன்று சரியாக இருந்தது? நம் பார்வையில் புரொஸ்டுடையது.

சென்னாவை மழைக்கு மட்டும் உரியவராக்குவதும் அநியாயம். 161 பந்தயங்களில் 65 தடவை முதல் இடத்திலிருந்து ஆரம்பித்தவர் அவர். 1988 மொனாக்கோ தகுதிகாண் சுற்றில், காய்ந்த பாதையில், அதே மக்லாரன் காரிலிருந்த புரொஸ்டை விட 1.4 செக்கன் வேகம். மறுநாள் பெரும் இடைவெளியில் முன்னிலையில் இருந்தபோது, யாரும் துரத்தாத நிலையில், தடுப்பில் மோதினார். வென்றவர் புரொஸ்ட்.

கடைசியாக 1993 ஏப்ரல் 11, இங்கிலாந்தின் டொனிங்டன். வில்லியம்ஸ் கார்களுக்கு முன்னால் சென்னாவின் மக்லாரன் வலுக் குறைந்தது. முதல் வளைவில் ஐந்தாம் இடம். ஷூமாக்கர், வென்ட்லிங்கர், ஹில், புரொஸ்ட் என வரிசையாகத் தாண்டி, முதல் சுற்று முடியும்போது முன்னணியில். அன்றைய அதிவேகச் சுற்றோ இன்னும் விநோதம்: டயர் மாற்ற உள்ளே வந்து, மாற்றாமலே வெளியேறிய சுற்று அது! அக்காலத்தில் அந்தப் பாதையில் வேகக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் எஸ்டொரில்தான் தன் சிறந்த ஓட்டம், டொனிங்டனில் இழுவைக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தது என்று சென்னாவே சொன்னார்.

புரொஸ்ட் ஏழு தடவை டயருக்காக உள்ளே வந்து, ஒரு சுற்றுப் பின்தங்கி மூன்றாவதாக முடித்தார். காரைக் குறை சொன்ன அவரிடம், மாற்றிக்கொள்வோமா என்று சென்னா கிண்டலாகக் கேட்டார். ஆண்டு முடிவில் புள்ளிகள்: புரொஸ்ட் 99, சென்னா 73.